ஆணிகள் எழுதிய ஏடு

பழுது பார்ப்பது வேறு. புதுக்கிக் காப்பது வேறு. கடிகாரம் நின்றுவிட்டால் அதனை மீண்டும் ஓடச் செய்வது பழுது பார்த்தல். அக்கடிகாரம் யார் கையில் இருந்தது, எத்தனை முறை திருகப்பட்டது, எந்த எண்ணின்மேல் எவர் விரல் பட்டுத் தேய்ந்தது என்னும் சான்றுகள் அழியாதவாறு அதனை ஓடச் செய்வது புதுக்கிக் காத்தல். முன்னதற்குக் கைத்திறன் போதும். பின்னதற்கு வரலாற்றுணர்வும் வேண்டும்.

இவ்வேறுபாட்டை விளக்கப் பேராக் மாநிலத்து வாசகர் எதிர்பாராத பொருள் ஒன்றை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. ஜப்பானியர் 'பாச்சிங்கோ' என்றழைக்கும் குண்டு விளையாட்டுப் பொறியே அது. நமக்கு எவ்வகையிலும் உறவில்லாத அயல்நாட்டுப் பொழுதுபோக்குக் கருவியாயிற்றே என்று சிலர் எண்ணக்கூடும். ஆயினும், ஒரு பண்டத்தை எவ்வாறு ஒரு நூலைப் போலப் படிக்கலாம் என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்லுதல் ஆசிரியப் பயிற்சியில் நாம் கற்ற முதல் பாடம். சில வேளைகளில் தொலைவிலுள்ள பொருளொன்றைக் கண்டு திரும்பிய பின்னரே வீட்டுக் கொல்லையில் கிடப்பதன் அருமை புலப்படுகிறது.

பெயரும் அமைப்பும்

'பச்சி பச்சி' என்பது ஜப்பானிய மொழியில் ஓர் ஒலிக்குறிப்பு. நம் மொழியில் 'சடசட', 'படபட' என்பன போன்றது. அவ்வொலியிலிருந்து பிறந்த பெயரே பாச்சிங்கோ. அம்மொழியில் இதே சொல் சிறுவர் கல்லெறியும் உண்டிவில்லையும் குறிக்கும். நம் தோட்டத்துச் சிறுவர் 'லாஸ்டிக்' என்று மலாய்ச் சொல்லால் வழங்கினார்களே, அந்தக் கருவிதான்.

பொறியின் அமைப்பு எளிது. சுவரோடு நிற்கும் மரச்சட்டம். முன்புறம் கண்ணாடிக் கதவு. உள்ளே வண்ணம் தீட்டிய பலகை. பலகையெங்கும் இருநூற்றுக்கும் மேற்பட்ட பித்தளை ஆணிகள். வலப்புறம் கீழே ஒரு சிறு நெம்புகோல். விளையாடுபவர் கட்டைவிரலால் அதனைத் தட்டி விடுவார். 11 மில்லிமீட்டர் விட்டமுடைய எஃகுக் குண்டு வளைந்த தடத்தில் மேலேறி, உச்சியை அடைந்து, ஆணிகளுக்கிடையே துள்ளித் துள்ளிக் கீழிறங்கும். வழியிலுள்ள குழிகளில் ஒன்றில் அது விழுந்தால், பலகையின் பின்னால் சென்று தன் எடையால் ஒரு தராசுக் கோலைச் சாய்க்கும். கோல் சாய்ந்ததும் மணி ஒலிக்க, பத்தோ பதினைந்தோ குண்டுகள் விளையாடுபவரின் தட்டில் கொட்டும். எக்குழியிலும் விழாத குண்டு அடியிலுள்ள துளை வழியே மறைந்துபோகும். பழைய பொறிகளில் இத்தனைக்கும் மின்சாரம் தேவைப்படவில்லை. புவியீர்ப்பும் சுருள்வில்லும் தராசுக் கோலுமே அதனை இயக்கின.

தோற்றம்

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரான்சு நாட்டுச் செல்வர் வீடுகளில் 'பகாட்டெல்' என்னும் மேசை விளையாட்டு வழங்கியது. பந்தைக் கோலால் உந்தி ஆணிகளையும் குழிகளையும் கடக்கச் செய்வது அதன் முறை. 1871-இல் அமெரிக்காவில் மான்டேகு ரெட்கிரேவ் என்பார் கோலுக்கு மாற்றாகச் சுருள்வில் உந்தியை வைத்துக் காப்புரிமை பெற்றார். அக்கிளையே பின்னாளில் அமெரிக்கரின் 'பின்பால்' பொறியாக வளர்ந்தது. மற்றொரு கிளை 1920-களில் 'கொரிந்து விளையாட்டு' என்னும் பெயரில் ஜப்பானை அடைந்து, மிட்டாய்க் கடைகளில் சிறுவர் விளையாட்டாகப் பரவியது. படுக்கை வாட்டில் இருந்த பலகையை இடம் மிச்சப்படுத்தும் பொருட்டு நிமிர்த்தி வைத்ததால் பாச்சிங்கோ பிறந்தது என்பர். ஐரோப்பியக் கடற்கரைக் கேளிக்கைக் கூடங்களின் சுவரில் மாட்டப்பட்டிருந்த குண்டுப் பொறிகளே அதன் நேர் மூதாதை என்று வாதிடும் ஆய்வாளரும் உளர். எவ்வாறாயினும், 1930-இல் நகோயா நகரில் இத்தகைய கடை ஒன்றுக்கு முதன்முதலாகக் காவல்துறை உரிமம் வழங்கப்பட்டது. சிறுவர் விளையாட்டு பெரியோர் பொழுதுபோக்காக மாறியது.

ஆணிகள் பதித்த பலகையில் குண்டு விழுவது அறிவியலாரையும் கவர்ந்த காட்சியாகும். இங்கிலாந்து நாட்டுப் பிரான்சிசு கால்டன் 1889-இல் வெளியிட்ட தம் நூலில் அத்தகைய பலகை ஒன்றை விளக்கினார். சீராக ஆணியடித்த பலகையின் உச்சி நடுவிலிருந்து குண்டுகளைத் தொடர்ந்து விட்டால், நடுவே மிகுதியாகவும் ஓரங்களில் குறைவாகவும் குவிந்து மணி வடிவம் தோன்றும். ஒவ்வொரு குண்டின் போக்கும் தற்செயல். எல்லாக் குண்டுகளின் போக்கும் ஓர் ஒழுங்கு. பாச்சிங்கோ பலகையில் ஆணிகள் சீராக அடிக்கப்படுவதில்லை. அந்த ஒழுங்கை எங்கே, எவ்வளவு குலைப்பது என்பதில்தான் அதனைச் செய்தவரின் அறிவு அடங்கியிருக்கிறது.

போரும் பொறியும்

1941 திசம்பர் இறுதியில் ஜப்பானியப் படை ஈப்போவைக் கைப்பற்றியது. ஆண்டு மாறும் வேளையில் கம்பாரில் கடும்போர் நிகழ்ந்தது. அடுத்த ஆண்டிலேயே, 1942-இல், போருக்கு உதவாத கேளிக்கை என்று கருதி ஜப்பானிய அரசு தன் நாட்டில் பாச்சிங்கோக் கடைகளை மூடச் செய்தது. அதே ஆண்டிலும் அடுத்த ஆண்டிலும் மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் சயாம்-பர்மா இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அவர்களுள் மிகப் பலர் திரும்பவில்லை.

இவ்விரு செய்திகளையும் அருகருகே வைப்பதற்குக் காரணம் உண்டு. அங்கே பொறியை மூடவைத்த போர் இங்கே நம் மக்களைக் காட்டுக்குத் துரத்தியது. ஜப்பானியப் பொருளொன்றைப் பேராக்கின் தமிழர் எடுத்து ஆராயும்போது இந்நினைவைத் தள்ளிவைத்தல் இயலாது, தள்ளிவைக்கவும் வேண்டா. எனினும், ஒரு நாட்டின் படை செய்த கொடுமையையும் அந்நாட்டுக் கைவினைஞன் ஒருவன் செய்த பலகையையும் வேறு வேறாக எடைபோடும் பக்குவம் வரலாற்று மாணவனுக்கு வேண்டும்.

மசமுராவின் ஆணிகள்

போர் முடிந்தது. ஜப்பானிய நகரங்கள் சாம்பலாகிக் கிடந்தன. உணவும் சர்க்கரையும் புகையிலையும் அரிதாயின. அக்காலத்தில் பாச்சிங்கோக் கடைகள் மீண்டும் திறந்தபோது, வென்ற குண்டுகளுக்கு மாற்றாகக் கிடைத்த மிட்டாயும் சிகரெட்டும் எளிய மக்களைப் பெரிதும் ஈர்த்தன.

நகோயாவில் கண்ணாடி வாணிகம் செய்துவந்த மசமுரா தக்கெய்ச்சி 1940-களின் இறுதியில் இப்பொறியின் போக்கையே மாற்றினார். அதுவரை ஆணிகள் பெரும்பாலும் ஒரே சீராக நெருங்கி நின்றன. அவர் சிலவற்றை நீக்கினார். சிலவற்றைக் கொத்தாகச் சேர்த்தார். இடையிடையே வெற்றிடம் விட்டார். காற்றாடி போலச் சுழலும் சிறு சக்கரங்களையும் வைத்தார். குண்டு குழியை அணுகும், விலகும், மீண்டும் அணுகும். காண்பவர் நெஞ்சும் அதனோடு எழுந்து விழும். 'மசமுரா அமைப்பு' என்று பெயர் பெற்ற அம்முறைக்கு அவர் காப்புரிமை பெறாமல் பிறர் தடையின்றிப் பின்பற்ற விட்டுவிட்டார் என்று கூறுவர். இன்றளவும் பொறிகளின் ஆணியமைப்புக்கு அதுவே அடிப்படை.

1953-இல் நாடெங்கும் கடைகள் 40,000-ஐத் தாண்டின. குண்டுகளை விரைந்து தொடர்ச்சியாக எய்யும் பொறிகள் மக்களின் பணத்தை விழுங்குவதைக் கண்ட அரசு 1954, 1955 ஆண்டுகளில் அவற்றைத் தடை செய்தது. ஓரிரு ஆண்டுகளில் கடைகள் 10,000-க்கும் கீழே சுருங்கின. 1960-களில், குண்டு விழுந்ததும் இதழ் விரியும் தூலிப் மலர் வடிவக் குழிகள் இவ்விளையாட்டுக்கு மீண்டும் உயிரூட்டின. 1970-களில் கட்டைவிரல் நெம்புகோலுக்குப் பதிலாக மின்கைப்பிடி வந்தது. 1980-க்குப் பின் மின்னணுப் பொறிகள் மேலோங்கின. கட்டைவிரல் தட்டி விளையாடிய காலம் முடிவுற்றது.

இக்கடைகளை நடத்தியோருள் பெரும் பகுதியினர் ஜப்பானில் குடியேறி வாழ்ந்த கொரியர் என்பதும் ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது. அரசுப் பணியும் பெரிய நிறுவனங்களின் கதவும் அவர்களுக்கு அடைபட்டிருந்தன. பிறர் விரும்பாத தொழிலே அவர்களுக்குத் திறந்திருந்தது. குடியேறிய இனம் ஒன்றன் வாழ்வு எவ்வாறு ஒரு தொழிலோடு பின்னிப் பிணைகிறது என்பதைப் பால்மரக் காட்டில் தலைமுறைகளைக் கழித்த நம் இனத்திற்கு எவரும் விளக்க வேண்டுவதில்லை.

புதுக்கும் முறை

கடைக்காரர்கள் ஓரிரு ஆண்டுகளில் பழைய பொறியைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டினர். கழித்த பொறிகளுள் பெருந்தொகையானவை 1970-களில் அமெரிக்காவிற்குக் கப்பலேறி வீட்டு விளையாட்டுப் பொருள்களாக விற்கப்பட்டன. நிஷிஜின், சாங்கியோ, ஹெய்வா முதலிய நிறுவனங்களின் அப்பொறிகள் பின்னர் நிலவறைகளிலும் கொட்டில்களிலும் தூசு படிந்து கிடந்தன. அவற்றைத் தேடியெடுத்துப் புதுக்கும் ஆர்வலர் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் உளர். அவர்கள் கைக்கொள்ளும் முறை கவனிக்கத்தக்கது.

முதலாவது, தொடுமுன் பதிவு செய்தல். பொறியின் முன்புறத்தையும் பின்புறத்தையும் ஒவ்வொரு மூலையாகப் படம் பிடித்து வைப்பர். பின்புறத்துத் தாள் ஒட்டுகள், எண்கள், முத்திரைகள் ஆகியவற்றிலிருந்தே பொறியின் அகவையும் செய்தவர் பெயரும் தெரியவரும் ஆதலால், அவற்றைச் சுரண்டாமல் காப்பர்.

இரண்டாவது, துப்புரவு. மென்தூரிகையால் தூசு நீக்குவர். குண்டு ஓடும் தடங்களில் எண்ணெய் இடமாட்டார்கள். எண்ணெய் தூசைப் பிடித்துப் பசையாக்கிக் குண்டைத் தடுத்து நிறுத்திவிடும். துருவேறிய குண்டுகளைத் துணியிலிட்டு உருட்டித் தேய்ப்பர். குண்டுகளில் பல, தாம் பயன்பட்ட கடையின் எழுத்தையோ முத்திரையையோ தாங்கியிருக்கும். அவ்வெழுத்து அழியும் அளவுக்குத் தேய்ப்பது குற்றமாகும். அளவில் சிறிது மாறுபட்ட வேற்றுக் குண்டைப் போட்டால் பொறி அடைத்துக்கொள்ளும்.

மூன்றாவது, உடைந்த உறுப்புகள். தூலிப் இதழ்கள் நெகிழியாலானவை. அகவை ஏற ஏற நொறுங்கும். அதே வகைப் பழைய பொறியிலிருந்து எடுத்த இதழைப் பொருத்தி, இது மாற்று உறுப்பு என்பதைக் குறித்து வைப்பர். குறிப்பின்றி மாற்றுவது வரும் ஆய்வாளரை ஏமாற்றுவதாகும். விளக்குகளுக்குக் குறைந்த மின்னழுத்தமே போதும். வீட்டு மின்சாரத்தை நேரே இணைத்தால் பொறியும் கெடும், உயிருக்கும் ஏதம் வரும்.

நான்காவது, ஆணிகள். புதுக்குவோரின் அறிவுக்கு உண்மையான சோதனை இங்குத்தான். பித்தளை கறுத்திருக்கும், பளபளப்பாக்கக் கை துடிக்கும். மெருகு மருந்து பலகைமேலுள்ள செல்லுலாய்டுத் தாளில் படிந்து கறையாகும் என்பதால் ஒவ்வோர் ஆணியையும் மென்துணியால் தனித்தனியே துடைப்பர். துடைக்கும்போது ஆணி வளைந்துவிடலாகாது. ஏனெனில் ஆணியின் சாய்வே அப்பொறியின் உள்ளடக்கம்.

ஜப்பானியக் கடைகளில் 'குகிஷி' எனப்படும் ஆணி வல்லுநர் இருந்தனர். கடை அடைத்த பின் சிறு சுத்தியலும் அளவுகோலும் கொண்டு ஆணிகளை மயிரிழை அளவு சாய்ப்பதும் நிமிர்த்துவதும் அவர்கள் தொழில். ஆணி சற்று விரிந்தால் குண்டு குழிக்குள் புகும். சற்று நெருங்கினால் விலகிப் போகும். அன்றாட ஈட்டமும் இழப்பும் அச்சாய்வில் இருந்தன. ஆகவே, பழைய பொறி ஒன்றில் இரண்டு ஆணிகள் சற்றே விலகி நிற்பது பழுதாக இருக்க வேண்டுவதில்லை. பெயரறியா வல்லுநர் ஒருவர் ஓர் இரவில் தம் கையால் எழுதிவிட்டுப் போன கடைசி வரியாகவும் அது இருக்கலாம்.

பாடபேதமும் பிழையும்

தமிழாசிரியர்களுக்கு இவ்விடத்தில் வேறொரு காட்சி நினைவுக்கு வராமற் போகாது. உ. வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியையும், 1892-இல் சிலப்பதிகாரத்தையும், 1894-இல் புறநானூற்றையும் பதிப்பித்தார். செல்லரித்த ஏடுகளைப் பல ஊர்களிலிருந்து திரட்டி, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, எது ஏடெழுதினோன் பிழை, எது பழைய பாடம் என்று ஆய்ந்து, வேறுபட்ட பாடங்களைக் குறித்தும் வைத்தார். தமக்குப் பொருள் விளங்கவில்லை என்பதற்காக ஒரு சொல்லைத் தம் விருப்பப்படி திருத்துவது பதிப்பாசிரியருக்கு அடாத செயல்.

பொறி புதுக்குவோர் கடைப்பிடிக்கும் நெறியும் இதுவே. வளைந்த ஆணியைக் கண்டவுடன் நிமிர்த்துபவர், விளங்காத சொல்லைக் கண்டவுடன் அடித்துத் திருத்துபவரை ஒப்பர். அதே வகைப் பொறிகள் இரண்டு மூன்றை ஒப்பிட்டு, எல்லாவற்றிலும் அவ்வாணி அவ்வாறே நிற்கிறதா, பலகையில் அடிபட்ட வடு உண்டா என்று நோக்கிய பின்னரே, அது பிழையா பாடமா என்று துணிதல் வேண்டும். நம் முன்னோர் ஓலையில் எழுதிய கருவிக்கு எழுத்தாணி என்று பெயர். நகோயாவின் வல்லுநர் எழுதியதும் ஆணியால்தான். அவருக்கு ஏடு பலகை, எழுத்து சாய்வு.

ஒரு தடை

சூதாட்டக் கருவி ஒன்றைப் பள்ளி மாணவர்க்கு எடுத்துரைப்பது முறையா என்று வினவுவோர் இருக்கலாம். வினா நேரியது. ஜப்பானிலும் சட்டம் சூதாட்டத்தைத் தடுக்கிறது. வென்ற குண்டுகளுக்குக் கடைக்குள் பரிசுப் பொருள் தந்து, அப்பொருளை வெளியே வேறொரு சாளரத்தில் பணமாக்கும் வழக்கத்தால் அச்சட்டத்தைச் சுற்றிச் செல்கின்றனர். அதனால் சிதைந்த குடும்பங்கள் அங்கும் பல. 1995-இல் 18,000-க்கும் மேலிருந்த கடைகள் 2022-இல் 8,000-க்கும் கீழே குறைந்துவிட்டன.

வள்ளுவர் சூதுக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்தார். கெடுதியை அறிந்து விலக வேண்டுமேயன்றி அறியாது விலகுதல் போதாது என்பது அதனால் பெறப்படும். ஈப்போவில் ஈய முதலாளிகளின் பழைய மன்றமான ஹான் சின் பெட் சூ மாளிகை 2015 முதல் காட்சியகமாக விளங்குகிறது. அக்காலச் சுரங்க வாழ்வின் அபினியையும் சூதையும் அது மறைக்காமல் காட்டுகிறது. அதனைக் கண்டு வருவோர் அபினி தின்னக் கற்றுக்கொள்வதில்லை, வரலாற்றைக் கற்றுக்கொள்கின்றனர். பாச்சிங்கோ பலகையும் அவ்வாறே. ஆணியின் மயிரிழைச் சாய்வில் வெற்றி தோல்வி முன்கூட்டியே வரையறுக்கப்படுகிறது என்பதை ஒரு முறை கண்ணாரக் கண்ட மாணவன், சூதில் நற்பேறு என்பது யார் கையில் இருக்கிறது என்பதை மறக்கமாட்டான்.

நம் ஏடுகள்

இனி நம் மாநிலத்திற்குத் திரும்புவோம். பத்து காஜா அருகே தஞ்சோங் துவாலாங் வழியில் நிற்கும் ஐந்தாம் எண் ஈயக் கப்பல் 1938-இல் கட்டப்பட்டது. 4,500 டன் எடையுள்ள அது 1982 வரை ஈயம் தோண்டியது. பின்னர்ச் சாய்ந்தும் துருவேறியும் கிடந்த அதனைப் புதுக்கி, 2019-இல் மக்கள் காணத் திறந்தனர். கம்பாரில் 2012 முதல் ஈயச் சுரங்கக் காட்சியகம் ஒன்றும் உள்ளது. ஈயத்திற்கு இவ்வாறு சான்றுகள் காக்கப்பட்டன.

ரப்பருக்கு நாம் காத்தது என்ன? கட்டியான பாலைத் தகடாக்கிய உருளைப் பொறிகளை எண்ணிப் பாருங்கள். வழுவழுப்பான உருளையில் மெலிந்த தகடு, இறுதியாக வரியுள்ள உருளையில் புகுந்து, மேனியெங்கும் வரிகளைப் பெற்றுப் புகைக்கூடம் செல்லும். தகடு விரைவில் உலர்வதற்கும் ஒன்றோடொன்று ஒட்டாதிருப்பதற்கும் அவ்வரிகள் உதவின. அந்த உருளைகளைச் சுற்றியவர்கள் நம் தாய்மாரும் தந்தையரும். தோட்டங்கள் துண்டாடப்பட்டும், செம்பனைக்கும் குடியிருப்பு மனைகளுக்கும் மாறியும் போனபோது, அப்பொறிகளிற் பல பழைய இரும்பாக எடைபோட்டு விற்கப்பட்டன. எஞ்சியவற்றுள் சிலவற்றுக்குப் பளபளக்கும் வண்ணம் பூசி உணவகங்களின் முகப்பில் அழகுக்கு நிறுத்துகின்றனர். முன்னது ஏட்டை எரித்தல். பின்னது எழுத்தின்மேல் மை பூசுதல்.

நகோயாவில் ஒரு பொழுதுபோக்குப் பொறியின் ஆணிச் சாய்வையே சான்றாக மதித்துக் காக்கிறார்கள். ஓர் இனத்தின் உழைப்பைத் தாங்கிய உருளையின் தேய்வு அதனினும் தாழ்ந்த சான்றன்று. கைப்பிடி எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்பதைக் கொண்டு அதனைச் சுற்றியவர் எப்படி நின்றார் என்று கூறலாம். மங்கின் விளிம்பு வடு, பால்வெட்டும் உளியின் தேய்ந்த முனை, பெரட்டுக்கு அழைத்த இரும்புத் துண்டில் அடிபட்ட பள்ளம் ஆகிய ஒவ்வொன்றும் ஒரு வரி. படிப்பார் இல்லாமையால் அவை வாய் பேசாது கிடக்கின்றன.

இதற்குப் பெருஞ்செல்வம் வேண்டுவதில்லை. பள்ளிக்கு ஓர் அலமாரி, ஒரு பதிவேடு, ஆர்வமுள்ள பத்து மாணவர்கள் போதும். வீட்டிலிருந்து கொணரும் பழம்பொருளைக் கழுவுமுன் படம் பிடிக்கட்டும். யாருடையது, எந்தத் தோட்டம், எந்த ஆண்டு, எதற்குப் பயன்பட்டது என்று பாட்டனையும் பாட்டியையும் கேட்டு எழுதட்டும். துருவை நீக்கலாம், தேய்வை நீக்கலாகாது. உடைந்ததை ஒட்டலாம், ஒட்டிய இடத்தைக் குறித்து வைக்க வேண்டும். எதனையும் புதியதுபோல் ஆக்க வேண்டா.

ஏடு தேடி ஊர் ஊராக அலைந்த பெரியோர் காலத்தில் ஏடுகள் ஆற்றிலும் தீயிலும் அழிந்துகொண்டிருந்தன. நம் காலத்தில் தோட்டத்துப் பொருள்கள் பழைய இரும்புக் கடையின் தராசில் அழிந்துகொண்டிருக்கின்றன. அவற்றைப் பயன்படுத்திய கைகள் இன்னும் சில இல்லங்களில் உயிரோடு இருக்கின்றன. அக்கைகளுக்கு உரியோர் பேச, நம் மாணவர் எழுதும் காலம் நீண்டதன்று. ஆசிரியப் பெருமக்கள் இவ்வாண்டே தொடங்குதல் நன்று.